கொதித்த எஞ்சினைக் குளிர வைத்தவர்

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



நான்காம் செமஸ்டர் பிராக்டிகல் வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சார், மேஜை மேல் இருந்த ரேடியேட்டரைத் தொட்டுக் காட்டினார். தேன்கூடு மாதிரி இருக்கும் இந்த ரேடியேட்டரை முதலில் செய்தவர் யார் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வெட்கமாகப் போய்விட்டது. ஏன்னா, நான் ரேடியேட்டர் பட்டறையிலேயே வளர்ந்த பையன். எங்க அப்பா இருபத்திரண்டு வருஷமாக ரேடியேட்டருக்கு ஈயம் பற்ற வைக்கிறவர். எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஸ்கூல் விட்டு வந்ததும் பட்டறைத் தொட்டி ஓரம் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஆயிரம் ரேடியேட்டராவது பார்த்திருப்பேன். ஆனா, அதைச் செய்தவர் பேர் தெரியாது!

அன்று சாயங்காலமே நூலகத்துக்குப் போனேன். இரண்டு வாரம் தேடித் தேடிப் படித்தேன். அவர் பெயர் வில்ஹெல்ம் மேபாக். பெயரைப் பார்த்ததும் ஆச்சரியம்! நம்ம ஹாஸ்டல் சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கிறோமே, கோடிக்கணக்கில் விலை போகும் அந்தக் காரின் பெயர்! அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அநாதை விடுதியில் வளர்ந்தவர், கல்லூரிப் படிக்கட்டே ஏறாதவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் கதையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன். அந்தக் கதைக்கும் எங்க அப்பாவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பத்து வயதில் அநாதை

1846-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி ஜெர்மனியில் ஹைல்பிரான் என்னும் ஊரில் மேபாக் பிறந்தார். அப்பா ஒரு தச்சர். பிழைப்புக்காகக் குடும்பம் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. மேபாக்குக்கு எட்டு வயதில் அம்மா போய்விட்டார். பத்து வயதில் அப்பாவும் போய்விட்டார். ஐந்து பையன்களும் திக்கற்று நின்றார்கள்.

ராய்ட்லிங்கன் என்ற ஊரில் குஸ்டாவ் வெர்னர் என்னும் மத போதகர் ஆதரவற்றவர்களுக்காக ஓர் இல்லம் நடத்தி வந்தார். அந்த இல்லத்தோடு சேர்ந்து ஒரு இயந்திரப் பட்டறையும் இருந்தது. சோறு போடுவதோடு தொழிலும் கற்றுக்கொடுக்கிற இடம் அது. சிறுவன் மேபாக்கை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். பையனுக்குப் படம் வரைவதில் நல்ல கை இருப்பது தெரிந்ததும் இயந்திரங்களுக்கு டிராயிங் போடும் வேலையில் பழக்கினார்கள். பகலில் வேலை. அது போக ஊர்ப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் தனியாகப் படித்தார். பத்தொன்பது வயதில் நல்ல டிசைனர் என்று பேரெடுத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! நம்ம வயசு. பட்டமும் இல்லை, பணமும் இல்லை. கையில் பென்சிலும் ஸ்கேலும்தான்.

அப்போது அந்தப் பட்டறைக்கு மேலாளராக வந்தவர் காட்லிப் டைம்லர். மேபாக்கை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இந்தப் பையனிடம் விஷயம் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அன்று சேர்ந்த இரண்டு பேரும் டைம்லர் சாகும் வரை பிரியவில்லை. 1869-இல் டைம்லர் கார்ல்ஸ்ரூஹ நகரத்துத் தொழிற்சாலைக்குப் போனார், மேபாக்கும் பின்னாலேயே போனார். 1872-இல் கொலோன் அருகே டாய்ட்ஸ் எஞ்சின் தொழிற்சாலைக்குப் போனார்கள். நாம் முதல் வருஷத்தில் படிக்கிற ஆட்டோ சைக்கிள் இருக்கிறதே, அந்த நிக்கோலஸ் ஆட்டோவின் தொழிற்சாலைதான் அது! 1876-இல் ஆட்டோவின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் வந்தபோது அதை விற்பனைக்கு ஏற்ற மாதிரி செப்பனிட்டு வடிவமைத்ததில் மேபாக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்ணாடி வீட்டில் ரகசிய வேலை

ஆட்டோவுக்கும் டைம்லருக்கும் ஒத்துப்போகவில்லை. 1882-இல் டைம்லரும் மேபாக்கும் அங்கிருந்து விலகி ஸ்டுட்கார்ட் பக்கத்திலுள்ள கான்ஸ்டாட் என்ற ஊருக்கு வந்தார்கள். டைம்லர் வாங்கிய வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கிற ஒரு கண்ணாடி வீடு இருந்தது. அதுதான் அவர்கள் பட்டறை! ராத்திரி பகலாகக் கதவைச் சாத்திக்கொண்டு தட்டுகிற சத்தம் கேட்டதில் தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கள்ளப்பணம் அடிக்கிறார்கள் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து பார்த்தால் உள்ளே இருந்தது கருவிகளும் எஞ்சினும்தான்.

அந்தத் தோட்டத்திலிருந்து 1885-இல் நிமிர்ந்து நிற்கும் சின்ன எஞ்சின் ஒன்று வந்தது. பார்ப்பதற்குச் சுவர் ஓரம் நிற்கும் பழைய பெரிய கடிகாரம் மாதிரி இருந்ததால் அதைத் தாத்தா கடிகாரம் என்றே அழைத்தார்கள். அதே வருஷம் எஞ்சின் பூட்டிய இருசக்கர வண்டி வந்தது. 1886-இல் நான்கு சக்கர வண்டி. எஞ்சின் என்றால் தொழிற்சாலையில் அசையாமல் நிற்கும் மலை என்றிருந்த காலத்தில் அதை வண்டியில் தூக்கி வைத்தார்கள். இதற்கெல்லாம் டிராயிங் போட்ட கை மேபாக்குடையது.

சூடு என்னும் எதிரி

எஞ்சின் ஓடியது. ஆனா, கூடவே ஒரு பிரச்சினையும் ஓடி வந்தது. அதுதான் சூடு!

நமக்குத் தெரியும், சிலிண்டருக்குள் எரியும்போது வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பெட்ரோல் கொடுக்கிற வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்கு வருகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தை நாம்தான் வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பட்டறைப் பாஷையில் சொன்னால், எஞ்சின் ஜாம்!

தொடக்க கால வண்டிகளில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிரூட்டும் முறை. 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிப் போனார். வழியெல்லாம் கண்ட இடத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போனார். கூஜாவும் கையுமாக ஊர் ஊராகத் தண்ணீர் கேட்டுப் போகிற காரை யார் வாங்குவார்கள்?

மேபாக் இதைப் படிப்படியாக அணுகினார். 1889-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போன அவருடைய இரும்புச் சக்கர வண்டியில் ஒரு புதுமை இருந்தது. வண்டியின் சட்டமே குழாயால் ஆனது. அந்தக் குழாய்களுக்குள்ளேயே எஞ்சின் தண்ணீரைச் சுற்ற விட்டார். சட்டம்தான் ரேடியேட்டர்! 1897 வாக்கில் அடுத்த படி. தண்ணீர்ப் பெட்டியின் ஊடே சின்னச் சின்னக் குழாய்களைச் செருகி, அதன் வழியாகக் காற்றை ஓட விட்டார். பின்னால் விசிறி வைத்தார்.

இதற்கு நடுவில் அவர் வாழ்க்கையிலும் சூடு குறையவில்லை. 1890-இல் பணக்காரப் பங்குதாரர்களோடு டைம்லர் கம்பெனி தொடங்கியபோது மேபாக்குக்குச் சரியான இடம் கொடுக்கவில்லை. 1891-இல் வெளியேறினார். பிறகு மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் கூடத்தில் டைம்லரின் ஆதரவோடு வேலை செய்தார். பெட்ரோலை ஜெட் வழியாகத் தெளித்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் அங்கேதான் உருவானது. 1895-இல் கம்பெனியே அவரைத் திரும்பக் கூப்பிட்டுத் தொழில்நுட்பத் தலைவர் ஆக்கியது.

8,070 குழாய்கள்

1900 மார்ச் 6-இல் டைம்லர் காலமானார். முப்பத்தைந்து வருஷத் துணை போய்விட்டது. அதே வருஷத்தில்தான் மேபாக் தன் வாழ்நாளின் பெரிய வேலையைச் செய்தார்.

எமில் யெல்லினெக் என்ற வியாபாரி வேகமான, தாழ்வான, பலமான கார் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். தன் மகள் மெர்சிடஸின் பெயரையே காருக்கு வைக்க வேண்டும் என்றும் கேட்டார். கிட்டத்தட்ட 6 லிட்டர் கொள்ளளவு, 35 குதிரைத்திறன் உள்ள எஞ்சின். அந்தக் காலத்துக்கு அது ராட்சசன்! அவ்வளவு சூட்டைப் பழைய முறையில் தணிக்க முடியாது.

மேபாக் என்ன செய்தார் தெரியுமா? 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் அளவுள்ள சதுரக் குழாய்கள் 8,070-ஐ அடுக்கி, ஓரங்களை ஈயத்தால் பற்ற வைத்து ஒரே பலகையாக்கினார். குழாய்க்குள் காற்று போகும். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள மெல்லிய இடுக்கில் தண்ணீர் போகும். பின்னால் ஒரு விசிறி. அதுதான் தேன்கூடு ரேடியேட்டர். முன்பு தேவைப்பட்ட தண்ணீரில் பாதி, அதாவது 9 லிட்டரே போதும் என்றாகிவிட்டது! இன்றைய ரேடியேட்டரில் தட்டைக் குழாய்க்குள் தண்ணீர் போகிறது, வெளியே தகட்டு மடிப்புகளில் காற்று படுகிறது. அமைப்பு மாறிவிட்டது. ஆனா, கொஞ்சம் தண்ணீரை நிறையப் பரப்பில் காற்றோடு சேர்ப்பது என்ற தத்துவம் அதேதான்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கணக்கே வேறு. 8,070 குழாய்க்கு இரண்டு முனை என்றால் 16,140 முனை. அத்தனையும் பற்ற வைத்த இடம். ஒரே ஒரு முனையில் ஊசித் துளை இருந்தாலும் தண்ணீர் ஒழுகும், எஞ்சின் போகும். பட்டறையில் நாலு ஓட்டை அடைக்கவே அப்பா நெற்றியில் வேர்வை வழியும். பதினாறாயிரம் இடத்திலும் ஈயம் விட்ட அந்தப் பெயர் தெரியாத தொழிலாளிகளை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

1900 டிசம்பரில் அந்தக் கார் யெல்லினெக்கிடம் போய்ச் சேர்ந்தது. 1901 மார்ச்சில் பிரான்ஸின் நீஸ் நகரப் பந்தயங்களில் மற்ற கார்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளியது. குதிரை இல்லாத குதிரை வண்டியாக இருந்த கார், அன்றிலிருந்துதான் நாம் பார்க்கிற காராக மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் மேபாக்குக்கு டிசைனர்களின் அரசர் என்று பட்டம் கொடுத்தார்கள்.

எழுபது வயதில் டாக்டர்

இத்தனை செய்தவருக்குக் கம்பெனியில் மரியாதை நிலைத்ததா என்றால், இல்லை. டைம்லர் போன பிறகு அவருடைய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1907-இல் வெளியேறினார். வயது அறுபத்தொன்று. இனிமேல் ஓய்வுதான் என்று நினைத்திருக்கலாம். அவர் நினைக்கவில்லை. 1909-இல் செப்பலின் பிரபுவின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்ய ஒரு கம்பெனி தொடங்கினார்கள். மகன் கார்ல் தலைமை ஏற்றார், அப்பா பக்கத்தில் நின்றார். மகன்தான் பிறகு 1921 முதல் மேபாக் என்ற பெயரில் கார் செய்தார்.

1916-இல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனம் மேபாக்குக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. கல்லூரியில் படிக்காத அநாதைப் பையனுக்கு எழுபது வயதில் பட்டம்! 1929 டிசம்பர் 29-இல் காலமானார். கான்ஸ்டாட்டில் டைம்லரை அடக்கம் செய்த அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இவரும் துயில்கிறார்.

அப்பா சொன்னது

இப்போது எங்க அப்பா கதைக்கு வருகிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு லாரி ரேடியேட்டர் பட்டறைக்கு வந்தது. அப்பா வழக்கம்போல மேல் வாயையும் கீழ் வாயையும் ரப்பர் வைத்து அடைத்தார். தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்று விட்டார். இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஆணியால் கீறி அடையாளம் வைத்து, ஆசிட் தடவி, ஈயம் விட்டார். மறுபடி முக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை. வண்டி போய்விட்டது.

ஐந்தாம் நாள் லாரி உரிமையாளர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். எஞ்சின் ஜாம். ரேடியேட்டர் ஒழுகித் தண்ணீர் இல்லாமல் போய்விட்டது, பற்ற வைத்தவன்தான் காரணம் என்றார். அப்பா போய்ப் பார்த்தார். ரேடியேட்டர் வெளியே எங்கும் ஈரம் இல்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் டீ கலரில் இருந்தது. தண்ணீர் வெளியே போகவில்லை, எஞ்சினுக்குள்ளேயே போயிருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. ஈயம் பற்ற வைக்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். பட்டறை முதலாளி ஒரு தொகை கொடுத்துச் சமாதானம் செய்தார். அந்தப் பணத்தை எட்டு மாசம் அப்பா கூலியில் பிடித்தார். அந்த எட்டு மாசம் அம்மா எப்படிக் குடும்பம் நடத்தினார் என்பதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்த வருஷம்தான் அப்பா என்னைப் பட்டறைக்கு வர வேண்டாம், பாலிடெக்னிக்கில் சேர் என்று சொன்னார்.

முள் சொன்னது

ஐந்தாம் செமஸ்டரில் கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்ட் பாடம் வந்தது. நண்பர்கள் எல்லோரும் செய்திருக்கிறோம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை! கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, மூடிக்குப் பதிலாகக் கைப் பம்பை மாட்ட வேண்டும். மூடியில் எழுதியிருக்கிற அழுத்தம் வரைக்கும்தான் அடிக்க வேண்டும். 0.9 என்று போட்டிருந்தால் சுமார் 13 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் அடித்தால் நல்ல ரேடியேட்டரும் பிளந்துவிடும். பிறகு ஐந்து நிமிஷம் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் சுகம். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. ஹோஸ் கிளிப், தண்ணீர்ப் பம்பின் கீழ்த் துளை, தெர்மோஸ்டாட் மூடி, ரேடியேட்டர் மூலைகள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கடைசியில் அந்த மூடியையும் தனியே சோதிக்க வேண்டும்.

அழுத்தம் எதற்கு? நம்ம வீட்டுக் குக்கர் மாதிரிதான். மூடி இறுக்கிப் பிடித்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்கும். ஆனா, சும்மா நிற்கும்போது ஒழுகாத துளை, அந்த அழுத்தத்தில்தான் ஒழுகும். அதனால்தான் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறோம்.

அன்று லேப் எஞ்சினில் முள் மெதுவாக இறங்கியது. டார்ச் அடித்துத் தேடினோம். எங்கும் ஒரு சொட்டு இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று சார் கேட்டார். எல்லோரும் முழித்தோம். எனக்குச் சட்டென்று பழைய லாரி ஞாபகம் வந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்க்கலாமா சார் என்றேன். உருவினோம். அதே டீ கலர்!

ஹெட் கேஸ்கட் போய்விட்டால் தண்ணீர் உள்ளேயே ஆயிலோடு கலக்கும், வெளியே தெரியாது என்று சார் விளக்கினார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எங்க அப்பா மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னார் சார் என்றேன். சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. அப்பா சொன்னது சரி என்பதற்கு அன்று ஒரு முள் சாட்சி சொன்னது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அந்தப் பம்பு என்ன விலை என்று மட்டும் கேட்டார்.

லீவில் வேலை பார்த்த காசில் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இப்போது அப்பா ரேடியேட்டரை வண்டியில் மாட்டிய பிறகு பம்பை மாட்டி, டிரைவரையும் பக்கத்தில் நிற்க வைத்து முள்ளைக் காட்டுகிறார். முள் இறங்கினால் உள்ளே கோளாறு இருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அலுமினியத்தில் பிளாஸ்டிக் டாங்க் வைத்த ரேடியேட்டர்கள் வந்த பிறகு ஈய வேலை குறைந்துவிட்டது. ஆனா, இந்தச் சோதனைக்காகவே அவரைத் தேடி வருகிற டிரைவர்கள் இருக்கிறார்கள்.

மேபாக்கின் கைத்திறமையை டைம்லர் என்ற ஒருவர் கண்டுகொண்டார். அதனால் உலகத்துக்கு ஒரு ரேடியேட்டர் கிடைத்தது. கண்டுகொள்ள ஆள் இல்லாத கைகள் நம்ம ஊர்ப் பட்டறைகளில் எத்தனை எத்தனை! நண்பர்களே, நாளைக்கு நாம் சூப்பர்வைசராகவோ என்ஜினியராகவோ போய் உட்காருவோம். அப்போது எண்ணெய்ச் சட்டையோடு ஒருவர் வந்து ஏதாவது சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு நிமிஷம் குச்சியை உருவிப் பாருங்கள்!

அடுத்த வைவாவில் யாராவது அதே கேள்வியைக் கேட்டால் நான் தலை குனிய மாட்டேன். வில்ஹெல்ம் மேபாக், 1900 என்று நிமிர்ந்து சொல்வேன். ரேடியேட்டரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால் எங்க அப்பா பேரைச் சொல்வேன்.